பாடமே தேர்வாகும்போது

(ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஆடற்கலையைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். எந்த ஆடல் என்று சொல்லவில்லை. கிடைத்த சலுகையைப் பயன்படுத்திக்கொண்டு உங்களை ரஷ்யாவுக்கு அழைத்துப் போகிறேன். மேடைக்கு அல்ல. பாலே என்றவுடன் கண்ணில் தோன்றும் அன்னமும் வெள்ளைப் பாவாடையும் இன்று வேண்டாம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து வாகனோவா பாலே பள்ளியில், எட்டாண்டுப் படிப்பு முடியும்போது செவ்வியல் நடனத்துக்கு ஒரு தேர்வு நடக்கிறது. அந்தத் தேர்வுக்கு ஒரு வகுப்பு எப்படித் தயாராகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. நாம் அறிந்த கலைத் தேர்வுகளில் மாணவர் தனியாக வருவார், தனக்குத் தெரிந்ததைச் செய்து காட்டுவார், மதிப்பெண் பெறுவார். இங்கே அப்படி இல்லை. வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு பாடத்தை முதலிலிருந்து கடைசி வரை நடத்திக் காட்டுகிறது. அந்தப் பாடத்தை அசைவு அசைவாக எழுதியவர் ஆசிரியர். மதிப்பெண் மாணவிக்குப் போகிறது என்றாலும், எதிரே உட்கார்ந்திருக்கும் தேர்வுக் குழு படிப்பது ஆசிரியரை. இந்த ஏற்பாட்டின் வலிமையையும், அதற்குள்ளேயே இருக்கும் ஒரு முரணையும் சொல்ல விரும்புகிறேன்.

பள்ளியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1738இல் பேரரசி அன்னா இவானோவ்னாவின் ஆணையால், ழான் பத்தீஸ்த் லாந்தே என்ற பிரெஞ்சு நடன ஆசிரியர் அரண்மனைப் பணியாளர்களின் பிள்ளைகளைக் கொண்டு இதைத் தொடங்கினார். பள்ளி இப்போதுள்ள கட்டடத்துக்கு 1836இல் வந்தது. கார்லோ ரோசி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த தெரு அது. இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. தெருவின் நீளம் 220 மீட்டர், அகலம் 22 மீட்டர், இருபுறமும் நிற்கும் கட்டடங்களின் உயரமும் 22 மீட்டர். நடனப் பள்ளிக்கு வாய்த்த தெரு இப்படி அளவெடுத்தாற்போல் இருப்பதில் பலர் உட்பொருள் காண்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழகான தெரு, அவ்வளவுதான்.

பிள்ளைகள் சேர்வது பத்து வயது வாக்கில். சேரும்போது ஆடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இடுப்பு மூட்டிலிருந்து கால் எவ்வளவு வெளிப்புறம் திரும்புகிறது, பாதத்தின் வளைவு எப்படி, முதுகு எவ்வளவு வளையும், குதிப்பில் உயரம் உண்டா, காது தாளத்தைப் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். மருத்துவரும் பார்ப்பார். ஆண்டுதோறும் தேர்வு உண்டு. தேறாதவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். எட்டாம் ஆண்டு வரை வந்து சேர்பவர்கள் ஏற்கெனவே பல சல்லடைகளைக் கடந்தவர்கள்.

ஒவ்வோர் ஆண்டுக்கும் பாடத்திட்டம் உண்டு. முதலாண்டில் பிள்ளை சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கைகளாலும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். பாலேக்காரர்கள் அதை பார் என்பார்கள். தமிழில் குழப்பம் வரும் என்பதால் நான் கம்பி என்றே சொல்கிறேன். அப்படி நின்றபடி பாதத்தைத் தரையோடு தேய்த்து, விரல்நுனி வரை நீட்டி, மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டும். இதற்கு பாட்மான் தாந்த்யூ என்று பெயர். போகவும் வரவும் ஒரு தாளவட்டம் முழுவதும் செலவாகும். அவ்வளவு மெதுவாகச் செய்தால்தான் இடுப்பு ஆடுவது, முழங்கால் மடங்குவது, பெருவிரல் குறுகுவது எல்லாம் கண்ணில் படும். இதே அசைவை எட்டாம் ஆண்டுக்காரி ஒரு வட்டத்துக்குள் பலமுறை செய்வாள். அசைவு மாறவில்லை, வேகம்தான் ஏறியிருக்கிறது. அடியில் பிழை இருந்தால் வேகம் அதை மறைக்காது, பெருக்கிக் காட்டும்.

இந்த ஒழுங்கின் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். அவரைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அக்ரிப்பினா வாகனோவா 1879இல் பிறந்தவர். தந்தை அந்நகரத்தின் மரீன்ஸ்கி அரங்கில் பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டும் பணியில் இருந்தவர். மகள் 1897இல் பள்ளிப் படிப்பை முடித்து அதே அரங்கின் குழுவில் சேர்ந்தார். உடல்வாகில் அதிர்ஷ்டசாலி அல்ல. குதிப்பு நன்றாக வரும்; தனி ஆட்டத் துணுக்குகளில் பெயர் வாங்கினார்; ஆனால் முதன்மை வேடங்கள் எட்டவில்லை. பெரிய இயக்குநர் பெட்டிப்பாவுக்கு இவரைப் பிடிக்கவில்லை. அவருடைய நாட்குறிப்பில் வாகனோவாவைப் பற்றி நல்ல சொல் கிடையாது. பாலரீனா என்ற உயர்ந்த தகுதி 1915இல் வந்தது. அடுத்த ஆண்டே ஓய்வு.

எல்லாம் இயல்பாக வரும் கலைஞருக்குத் தன் உடல் என்ன செய்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டிய தேவையே வராது. வாகனோவாவுக்கு அந்தத் தேவை நாள்தோறும் வந்தது. அவர் கற்ற பழைய பிரெஞ்சு முறையில் கைகள் மென்மையாக, அழகாக இருந்தன. ஆனால் சுழற்சியில் அந்த மென்மை உதவவில்லை. அப்போது பீட்டர்ஸ்பர்குக்கு வந்த இத்தாலியப் பாலரீனாக்கள் பம்பரமாகச் சுழன்றார்கள். என்ரிக்கோ செக்கெட்டி என்ற இத்தாலிய ஆசிரியர் அங்கேயே தங்கிப் பாடம் சொன்னார். அவரிடம் பயின்ற ஓல்கா பிரியோபிரஜென்ஸ்கயாவின் ஆட்டத்தை வாகனோவா பக்கத்திலிருந்து கவனித்தார். இத்தாலியர்களின் கை சற்று முரட்டுத்தனமாகத் தெரிந்தாலும், உடலைச் சுழலவைக்கும் விசையே அந்தக் கையிலிருந்துதான் வருகிறது என்று கண்டுகொண்டார். பிரெஞ்சு மென்மையைக் கைவிடாமல் இத்தாலிய விசையை உள்ளே வைப்பது எப்படி? அவருடைய முறை இந்தக் கேள்விக்கான விடையாக வளர்ந்தது. கை அலங்காரம் அல்ல; குதிப்பதற்கும் திரும்புவதற்கும் அது வேலை செய்யும் உறுப்பு. முதுகும் தலையும் காலோடு ஒரே நேரத்தில் சேர்ந்து இயங்க வேண்டும்.

புரட்சிக்குப் பிந்தைய பஞ்சக் காலத்தில் பிழைப்புக்காகக் கற்பிக்கத் தொடங்கியவர் 1921இல் தன் பழைய பள்ளிக்கே ஆசிரியராக வந்தார். 1925இல் அவருடைய மாணவி மரீனா செம்யோனவா வெளிவந்தபோதுதான் நகரம் திரும்பிப் பார்த்தது. 1928இல் கலீனா உலானவா, 1931இல் நத்தாலியா துதின்ஸ்கயா. 1934இல் 'செவ்வியல் நடனத்தின் அடிப்படைகள்' என்ற நூல் வெளியானது. 1951இல் மறைந்தார். 1957இல் பள்ளிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஏன் செய்கிறோம் என்று தெரியாமல் எந்த அசைவையும் செய்யக் கூடாது என்பது அவர் வகுப்பின் விதி. ஒரு சுழற்சி தவறினால் ஏன் தவறியது என்று மாணவியே விளக்க வேண்டும். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அதனோடு மோதப்போகிறோம்.

இனித் தேர்வுக் கூடத்துக்குள் போவோம்.

பள்ளியின் பழைய ஆடற்கூடங்களில் மரத்தரை கண்ணாடிப் பக்கமாகச் சற்றே சரிந்திருக்கும். மரீன்ஸ்கி மேடையும் பார்வையாளர் பக்கம் சரிந்ததுதான். சரிவில் உடலின் பாரம் தானாகவே முன்னே இழுக்கும். சமதரையில் பழகியவர் இங்கே சுழன்றால் குழுவினரின் மேசையை நோக்கி நகர்ந்துகொண்டே வருவார். சிறு வயதிலிருந்து இதில் நின்று பழகிய பிள்ளைக்கு அது உறைப்பதே இல்லை. வகுப்புக்கு முன் மரத்தரையில் பூவாளியால் தண்ணீர் தெளிப்பது அங்கே நெடுநாள் வழக்கம். காலணி வழுக்காமல் இருக்க அது. வழுக்கலுக்கு இன்னொரு மருந்து, மூலையில் பெட்டியில் கிடக்கும் குங்கிலியப் பொடி.

கண்ணாடிக்கு முன்னே நீண்ட மேசையில் குழு அமர்கிறது. பள்ளியின் தலைமை, மற்ற ஆசிரியர்கள், சில வேளை நடனக் குழுக்களின் பொறுப்பாளர்கள். பியானோவில் கன்சர்ட்மெய்ஸ்டர் எனப்படும் துணை இசைக்கலைஞர். மாணவியர் ஒரே நிற உடையில் உள்ளே வந்து வணங்கி, கம்பியருகே நிற்கிறார்கள். யாரும் எதையும் அறிவிப்பதில்லை. பியானோவில் முன்னோட்டமாக இரண்டு சுரத்தொகுப்புகள். அவ்வளவுதான், பாடம் தொடங்கிவிடும்.

யார் எங்கே நிற்கிறார் என்பதே ஒரு செய்தி. நடுக்கம்பியின் நடுவிடம் வகுப்பின் கெட்டிக்காரிக்கு. ஓரத்துக்குப் போகப்போக ஆசிரியரின் நம்பிக்கை குறைகிறது என்று பொருள். குழுவுக்கு இது தெரியும். மாணவியருக்கும் தெரியும். பதினேழு வயதில் ஒரு பெண் தன் இடம் இரண்டு கை தள்ளி ஓரமாகப் போனதைக் கண்டு இரவெல்லாம் அழுதால் நாம் வியப்படைய வேண்டியதில்லை. இந்த வழக்கத்தை நான் மெச்சவில்லை. பார்ப்பவரின் கண்ணைப் பாடம் தொடங்கும் முன்பே சாய்த்துவிடுகிறது.

கம்பியில் செய்யும் பயிற்சிகளின் வரிசை பெரும்பாலும் மாறாது. முழங்காலை மடக்கும் பிளியே முதலில். பிறகு தாந்த்யூ, அதையே தரையிலிருந்து சிறிது எழுப்பி வீசுவது, தரையில் காலால் அரைவட்டம் வரைவது, தாங்கும் காலும் வேலைசெய்யும் காலும் ஒன்றாக மடங்கி ஒன்றாக நிமிரும் ஃபோந்த்யூ, கணுக்காலில் தட்டி வெளியே பாயும் ஃப்ராப்பே, காற்றில் முழங்காலுக்குக் கீழ் வட்டம், மெல்ல விரிந்து உயரும் தெவலப்பே, கடைசியில் காலைப் பெரிதாக வீசும் கிராண்ட் பாட்மான். உடலைப் படிப்படியாகச் சூடேற்றிப் பெரிய வேலைக்குக் கொண்டுபோகும் வரிசை இது. கடைசி ஆண்டில் இவற்றில் பெரும்பகுதி குதிகாலைத் தூக்கி அரைநுனியில் நின்றபடி நடக்கும். கம்பியின் மேல் கை இருக்கும். ஆனால் பிடித்திருக்காது, வைத்திருக்கும். அனுபவமுள்ள ஆசிரியர் கம்பிப் பகுதியிலேயே கணக்கை முடித்துவிடுவார் என்கிறார்கள். தாங்கும் கால் எது, அது எவ்வளவு நேர்மையாக நிற்கிறது என்பது அங்கேயே தெரிந்துபோகும்.

பிறகு கூடத்தின் நடுவே வருகிறார்கள். அதே அசைவுகள், ஆனால் பற்ற எதுவும் இல்லை. இங்கேதான் ரஷ்ய முறையின் தனித்தன்மை கண்ணுக்குத் தெரியும். ஆடுபவரை மையமாக வைத்துக் கூடத்தை எட்டுப் புள்ளிகளாகப் பகுத்திருக்கிறார்கள். பார்வையாளர் இருப்பது முதல் புள்ளி; அங்கிருந்து வலப்புறமாகச் சுற்றி எட்டு வரை. ஒவ்வொரு நிலைக்கும் தோள் எந்தப் புள்ளியை நோக்க வேண்டும், தலை எங்கே திரும்ப வேண்டும் என்று வரையறை உண்டு. கால் சரியாக இருந்து தோள் அரைப் புள்ளி விலகினால்கூட நிலை உயிரற்றுப்போகும். தேர்வுக்கு முந்தைய வாரங்களில் ஆசிரியர்கள் பெரும்பாடு படுவது இந்தத் தலை, தோள் விஷயத்தில்தான். கால் ஏற்கெனவே பழகிவிட்டது. களைப்பு வந்தால் முதலில் செத்துப்போவது பார்வை.

நடுப்பகுதியின் உச்சம் அடாஜியோ. மெதுவான, நீண்ட ஒரே வாக்கியம் போன்ற தொகுப்பு அது. கால் தொண்ணூறு பாகையிலும் அதற்கு மேலும் நிற்க, உடல் அதே நிலையில் சுழல வேண்டும். கால் பின்னால் நீண்ட அராபெஸ்க் நிலையிலோ, கால் பக்கவாட்டில் விரிந்த நிலையிலோ ஒரு முழுச் சுற்று சுற்றி அசையாமல் நிற்பது பார்க்கச் சாதாரணமாக இருக்கும். செய்பவருக்கோ குதிப்பதை விடக் கடினம். அடுத்து அலெக்ரோ: சிறிய குதிப்புகள், காற்றில் கால்கள் ஒன்றோடொன்று மோதும் குதிப்புகள், பிறகு கூடத்தைக் குறுக்காகக் கடக்கும் பெரும் பாய்ச்சல்கள். இளைப்பு வாங்கும், வாங்குவது தெரியக் கூடாது.

பெண்களுக்குக் கடைசிப் பகுதி நுனிக்காலணியில். துணியும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த அந்தக் காலணியைப் பற்றி மட்டுமே ஒரு பொழிவு ஆற்றலாம். புதிது என்றால் முரண்டு பிடிக்கும், தரையில் டொக்டொக்கென்று ஒலிக்கும். பழையது என்றால் நுனி நொய்ந்து பாதத்தைக் கைவிட்டுவிடும். தேர்வு நாளில் அது இரண்டுக்கும் நடுவில், சரியான பருவத்தில் இருக்க வேண்டும். அதனால் எந்தச் சோடியை எப்போது பழக்குவது, எப்போது எடுத்து வைப்பது என்று மாணவியர் முன்கூட்டியே கணக்குப் போடுகிறார்கள். நாடாவைத் தானே தைக்கிறார்கள், அடித்தகட்டைத் தானே வளைக்கிறார்கள். யாரும் இதற்கு மதிப்பெண் தருவதில்லை.

அந்தப் பகுதியின் முடிவில் பெரும்பாலும் ஃபுவெத்தே வரும். ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைச் சாட்டையாக வீசி, இடம் பெயராமல் தொடர்ந்து சுழல்வது. பியெரினா லெஞானி என்ற இத்தாலியர் 1890களில் பீட்டர்ஸ்பர்கில் முப்பத்திரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டியதிலிருந்து அந்த எண் ஒட்டிக்கொண்டது. ரஷ்ய முறையில் கால் நேரே பக்கவாட்டில் திறக்கும். மற்ற சில முறைகளில் முன்னால் நீண்டு பிறகு பக்கத்துக்கு வளைந்து வரும். குழு எண்ணிக்கையைக் கவனிக்காது. பத்தாவது சுற்றுக்குப் பிறகும் தாங்கும் முழங்கால் முழுதாக நிமிர்கிறதா, நின்ற இடம் எவ்வளவு நகர்ந்தது என்பதையே பார்க்கும்.

இப்போது முரணுக்கு வருகிறேன்.

செக்கெட்டி வாரத்தின் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நிலையான பாடம் வைத்திருந்தார். திங்களுக்கு ஒன்று, செவ்வாய்க்கு ஒன்று. வாகனோவா அதை ஏற்கவில்லை. பாடத்தைத் தினம் புதிதாக எழுத வேண்டும் என்றார். உடல் மனப்பாடத்தில் சரிந்துவிடாமல் இருக்க, மாணவி யோசித்துக்கொண்டே ஆட, அதுதான் வழி. ஆனால் அவர் பெயர் தாங்கிய பள்ளியின் மிகப் பெரிய தேர்வு மனப்பாடமான பாடம். ஆசிரியர் மாதங்களுக்கு முன்பே தொகுப்புகளை எழுதத் தொடங்குகிறார். ஒவ்வொன்றுக்கும் இசையைக் கன்சர்ட்மெய்ஸ்டரோடு உட்கார்ந்து தேர்கிறார். வரிசைகள் எப்போது இடம் மாற வேண்டும், முதல் குழு முடிந்து இரண்டாம் குழு எந்தத் தாளத்தில் நுழைய வேண்டும் என்றெல்லாம் தீர்மானித்தாகிவிடும். பிறகு அதையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். தேர்வு நாளில் பார்ப்பது ஏறத்தாழ ஒரு பாலே. கதையும் உடையலங்காரமும் மட்டும் இல்லை.

இது ஏமாற்று அல்லவா என்று கேட்கலாம். தெரிந்த கேள்விக்கு விடை எழுதுவது போலத்தானே? நான் முதலில் அப்படித்தான் நினைத்தேன். தேர்வு வகுப்புகளின் ஒளிப்பதிவுகளைத் தொடர்ந்து பார்த்தபோது கருத்து மாறியது. பாடம் தெரிந்திருப்பதால் மாணவி ஏமாற்ற வழியில்லை, ஆசிரியருக்கும் எதையும் ஒளிக்க வழியில்லை. அந்த ஆண்டுப் பாடத்திட்டம் கேட்கும் அசைவுகள் எல்லாம் பாடத்தில் இருந்தாக வேண்டும். வகுப்பில் யாருக்கும் இடப்பக்கச் சுழற்சி வரவில்லை என்றால் ஆசிரியர் அதைத் தவிர்த்துவிட்டு மேசைக்கு எதிரே நிற்க முடியாது. மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் அதே பாடத்தைக் கற்பிப்பவர்கள், இல்லாததை எண்ணிவிடுவார்கள். கடினமானதைக் கூட்டி அடுக்குவது எளிது. எதற்கு அடுத்து எது வந்தால் உடல் தயாராக இருக்கும் என்று அறிந்து கோப்பது அரிது. சுழற்சிக்கு முந்தைய தயார்நிலை அசைவிலேயே ஆசிரியரின் தரம் தெரிந்துவிடும்.

ஆனாலும் ஓர் எல்லை உண்டு. பாடத்தை மிகச் சீக்கிரம் இறுதியாக்கிவிட்டால் மிச்சமுள்ள மாதங்களில் வகுப்பு ஆடக் கற்பதில்லை, தேர்வைக் கற்கிறது. நல்ல ஆசிரியர்கள் தேர்வுப் பாடத்தைத் துண்டு துண்டாகவே வைத்திருந்து, அன்றாட வகுப்பில் வேறு தொகுப்புகளைக் கொடுத்துக்கொண்டே போவார்கள்; கடைசி வாரங்களில்தான் துண்டுகளை இணைப்பார்கள். இணைத்த பிறகும் வேகத்தை மாற்றிப்போட்டு, தொகுப்பை எதிர்ப்பக்கம் தொடங்கச் சொல்லி, உடலின் சோம்பலைக் கலைப்பார்கள். மற்ற ஆசிரியர்கள் ஆறு மாதமாக ஒரே பாடத்தை மெருகேற்றுகிறார்கள். அவர்களுடைய வகுப்பு தேர்வில் ஒளிரும். அதில் மறைந்திருக்கும் வறுமை ஓர் ஆண்டு கழித்துத்தான் வெளியே வரும்.

ஆண்கள் வகுப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ருடால்ஃப் நூரயேவ் 1955இல் ஊஃபாவிலிருந்து, அன்று லெனின்கிராட் எனப்பட்ட பீட்டர்ஸ்பர்குக்கு வந்து சேர்ந்தபோது வயது 17. அந்த வயதில் மற்றவர்கள் படிப்பை முடிக்கும் கட்டம். அவருக்கு முன்னே மூன்றே ஆண்டுகள். முதலில் வேறு வகுப்பில் இருந்து பிறகு அலெக்சாண்டர் புஷ்கின் என்ற ஆசிரியரிடம் போனார். கவிஞர் அல்ல, அதே பெயர். புஷ்கின் அதிகம் பேசாதவர், குரல் உயர்த்தாதவர். அவருடைய திறமையெல்லாம் தொகுப்புகளில் இருந்தது. ஒவ்வோர் அசைவும் அடுத்த அசைவுக்கு உடலைத் தானாகக் கொண்டுபோய் விடும்படி எழுதுவார். மாணவன் தன் பிழையைத் தானே உணர்ந்துகொள்வான். நூரயேவ் 1958இல் தேர்ந்தார். 1964இல் ரிகாவிலிருந்து வந்த மிகயீல் பரீஷ்னிக்கவ் 1967இல் அதே கையிலிருந்து வெளிவந்தார். இருவரும் உடலால், குணத்தால் இரு துருவங்கள். ஒரே ஆசிரியரின் பாடம் இருவரையும் ஒரே அச்சில் வார்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்றைய தேர்வுகளில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று உண்டு. காலின் உயரம். வாகனோவா காலத்துப் படங்களில் கால் தொண்ணூறு பாகையில், அல்லது அதைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. இன்று காதோரம் வருகிறது. உடல்கள் மாறிவிட்டன, பயிற்சி மேம்பட்டுவிட்டது என்பதெல்லாம் சரி. ஆனால் கால் அவ்வளவு மேலே போகும்போது இடுப்பு அதோடு ஏறுகிறது, தோள் எதிர்ப்பக்கம் சாய்கிறது, எட்டுப் புள்ளிகளின் கணக்கு குலைகிறது. குழுக்கள் அதைத் தண்டிப்பதாகத் தெரியவில்லை. தேர்வு ஒளிப்பதிவுகள் உலகெங்கும் பரவுகின்றன. ஆசிரியருக்கு மேசைக்கு அப்பாலும் பார்வையாளர்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் கைதட்டுவது உயரத்துக்கு.

இந்த இடத்தில் நம் ஊரோடு தொடர்புள்ள ஒருவரின் பெயர் வருகிறது. அன்னா பாவ்லோவா இதே பள்ளியில் 1899இல் தேர்ந்தவர், வாகனோவாவுக்கு இரண்டாண்டு இளையவர். ஒல்லியான உடல், மிகையாக வளைந்த பாதம். லெஞானியைப் பார்த்துத் தானும் அந்தச் சுழற்சிகளைச் செய்ய முயன்றபோது ஆசிரியர் பாவெல் கெர்த் தடுத்துவிட்டார். இந்த வித்தையை மற்றவர்களுக்கு விட்டுவிடு, உன் வலிமை உன் மென்மையில் இருக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். 1920களின் இறுதியில் ருக்மிணி தேவி அருண்டேல் பாவ்லோவாவைச் சந்தித்தது, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்தியிடம் பாலே கற்றது, உன் நாட்டு ஆடலைப் பார் என்று பாவ்லோவா திருப்பிவிட்டது, பிறகு 1936இல் கலாக்ஷேத்ரா எழுந்தது எல்லாம் இந்த அவைக்குத் தெரிந்த செய்திகள். நான் கேட்க விரும்புவது வேறு. முழு வகுப்பும் ஒரே தொகுப்பை ஒரே நேரத்தில் செய்து காட்டும் இன்றைய தேர்வில் பாவ்லோவா நின்றிருந்தால் கம்பியில் அவருக்கு எந்த இடம் கிடைத்திருக்கும்? நடுவிடம் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீரான உடல்களுக்குச் சாதகமான தேர்வு இது. வரிசையாக நிற்கும்போது, ஒத்துப்போகாத உடல் பிழையாகத் தெரியும். பள்ளியும் இதை உணராமல் இல்லை. தேர்வோடு சேர்த்துப் பட்டமளிப்பு ஆட்டத்தை வைத்திருப்பது அதனால்தான் என்று எண்ணுகிறேன். அங்கே தனித்தனியாக, அவரவர் இயல்புக்கேற்ற துணுக்குகளை மரீன்ஸ்கி மேடையில் ஆடுகிறார்கள்.

செவ்வியல் நடனம் மட்டுமே தேர்வு என்று நினைத்துவிட வேண்டாம். இணையாட்டம், நாட்டார் சாயலுள்ள பாத்திர நடனம், நடிப்பு என்று பல. பொதுக்கல்விப் பாடங்களும் கூடவே ஓடுகின்றன. வெளியூர்ப் பிள்ளைகள் விடுதியில் இருக்கிறார்கள்; காலையில் தொடங்கும் நாள் இரவு ஒத்திகையோடு முடியும். வாரத்தில் ஆறு நாள். காயங்கள் உண்டு, பட்டினி உண்டு, எடை பார்க்கும் கருவியின் முன் நடுக்கம் உண்டு. இவற்றைக் கலைக்கான தவம் என்று மெழுகிச் சொல்லும் எழுத்துகள் ஏராளம். பதினைந்து வயதுப் பிள்ளை சாப்பிடாமல் இருப்பதைத் தவம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

தேர்வு முடிந்ததும் மாணவியர் வரிசையாக நின்று குழுவை வணங்குகிறார்கள், பியானோக்காரரை வணங்குகிறார்கள், வெளியேறுகிறார்கள். கதவு மூடப்படும். மதிப்பெண் ஐந்துக்கு. ஆனால் ஐந்துக்கும் நான்குக்கும் நடுவே கூட்டல் குறிகளும் கழித்தல் குறிகளும் உண்டு, சண்டையெல்லாம் அந்தக் குறிகளில்தான்.

தேர்ந்தவர்களில் சிலரை மரீன்ஸ்கி எடுத்துக்கொள்ளும். சிலர் மாஸ்கோவுக்கும் பிற நகரங்களுக்கும் போவார்கள். புதிய பருவத்தின் முதல் நாள் காலை நடனக் குழுவின் வகுப்பில் நிற்கும்போது அவர்களுக்கு முதல் அதிர்ச்சி காத்திருக்கும். அங்கே வகுப்பு எடுப்பவர் தொகுப்பை ஆடிக் காட்டமாட்டார். நின்ற இடத்தில், கைவிரல்களைப் பாதங்களாகப் பாவித்து, அசைவுகளின் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே ஒரே ஒரு முறை சொல்லுவார். பியானோ தொடங்கிவிடும். சுற்றிலும் இருக்கும் மூத்த கலைஞர்கள் ஆடத் தொடங்கியிருப்பார்கள். நேற்றைய தொகுப்பு இன்று வராது. இன்றையது நாளை வராது. வாகனோவா தன் வகுப்பில் செய்ததும் இதைத்தான். எட்டாம் ஆண்டில் புதிய தொகுப்புகளைக் கொடுத்துக்கொண்டே இருந்த ஆசிரியரின் மாணவி அந்த முதல் காலையில் இரண்டாம் வரிசையில் நின்று சமாளித்துக்கொள்வாள். ஆறு மாதம் ஒரே பாடத்தை மெருகேற்றி ஐந்து வாங்கியவள் முன்னே நிற்பவரின் கால்களைப் பார்த்துக்கொண்டே அரைத் தாளம் பின்னால் ஆடுவாள்.